எவர்சில்வர் கடையில் ஓர் ஆணிப் பலகை

எங்கள் குடோனில் இருந்த ஐந்து எவர்சில்வர் குடங்கள், எதிர்க் கடை வழியாக எங்கள் கடைக்கே வந்து சேர்ந்தன. எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்த சமயம் அது. அந்தக் குடங்கள் மட்டும் அன்றைக்கு ஒழுங்காக விற்றிருந்தால், நான் இன்றைக்கும் அந்த வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். பெரம்பலூர் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பாத்திரக் கடை. கடையில் நின்று வியாபாரம் பார்ப்பவர் என் கணவரின் அண்ணன். அவரை இங்கே மூத்தவர் என்றே சொல்கிறேன். கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, வீட்டை ஒட்டிக் குடோன். அதன் சாவி என் கணவரிடம். சந்தை வியாபாரிகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் மொத்தமாகச் சரக்குக் கொடுப்பது அவர் வேலை. மெட்ராஸ் போய்ச் சரக்கு எடுப்பதும், பணத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதும் மாமனார்.

மூன்று பேரும் ஒரே வீட்டில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் கடையில் என்ன விற்றது என்று குடோனுக்குத் தெரியாது. குடோனில் என்ன கிடக்கிறது என்று கடைக்குத் தெரியாது. இரண்டும் தெரியாமல் மாமனார் ரயில் ஏறுவார். கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்றால், அண்ணன் தம்பியிடம் போய்க் கேட்பது அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். தம்பி தானாகப் போய்ச் சொன்னால் கடையில் தலையிடுகிறான் என்று ஆகிவிடும்.

அன்றைக்கு எறையூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர் ஒருவர், மகள் கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் குடம் ஐந்து வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்திருக்கிறார். சர்க்கரை ஆலை வந்த பிறகு கரும்புப் பணம் புழங்க ஆரம்பித்திருந்தது. பித்தளைக் குடம் கொடுத்த வீடுகளெல்லாம் எவர்சில்வருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். மூத்தவர் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டுதான் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கரும்புக்காரர் நேராக எதிர்க் கடைக்குப் போனார். எதிர்க் கடை முதலாளியிடம் ஒரு குடம்கூட இல்லை. ஆனால் அவர் வந்தவரை உட்காரவைத்து, கலர் சோடா உடைத்துக் கொடுத்து, பின்சந்து வழியாக ஆளை அனுப்பினார். அந்த ஆள் வந்தது எங்கள் குடோனுக்கு. என் கணவர் மொத்த விலைக்கு ஐந்து குடத்தைச் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார்.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் சீர்க் குடத்தில் பேர் வெட்ட வேண்டுமே. ஊரிலேயே அழகாகப் பேர் வெட்டுகிறவர் எங்கள் கடை வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் அப்பா காலம் வரை எல்லாரும் கழனிக் கூலிதான். இவர்தான் திருச்சிக்கு ஓடிப் போய் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். எந்தக் கடையில் வாங்கின பாத்திரமாக இருந்தாலும் கூலி வாங்கிக்கொண்டு வெட்டிக் கொடுப்பார். கரும்புக்காரர் ஐந்து குடத்தையும் கொண்டுவந்து அவர் முன்னால் இறக்கினார். அவர் ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்தார். அடியில் எங்கள் கடை முத்திரை. சரக்கு வந்து இறங்கியதும் மாமனார் தன் கையாலேயே அடிக்கிற முத்திரை.

பேர் வெட்டுகிறவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "முதலாளி, கொஞ்சம் இங்க வாங்க."

மூத்தவர் வந்து பார்த்தார். கரும்புக்காரரும் முத்திரையைப் பார்த்தார், தலைக்கு மேலிருந்த போர்டையும் பார்த்தார்.

"ஒங்க குடந்தானா இது? அப்பறம் எனக்கு ஏன் இல்லேன்னுட்டீங்க?"

கரும்புக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பஸ் வரும் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

மத்தியானம் சாப்பாட்டில் இதுதான் சண்டை. எதிர்க் கடை ஆள் என்று தெரிந்துமா கொடுத்தாய் என்று மூத்தவர் கேட்டார். தெரியும், ரொக்கமாகக் கொடுத்தார், கொடுத்தேன் என்றார் என் கணவர். மாமனார் ரசத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அப்பளத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்தக் குடங்கள் தெருவைக் கடந்து போய்த் திரும்ப வந்தது கண்ணுக்குள்ளேயே ஓடியது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. சிரித்துவிட்டேன்.

சமையலறைப் பக்கமிருந்து என் ஓரகத்தி, அதாவது மூத்தவரின் மனைவி, பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். மாமனார் நிமிர்ந்தார்.

"என்னம்மா சிரிப்பு?"

"இல்ல மாமா, நம்ம குடம் நம்ம கடைக்கு வர்றதுக்கு எதிர்க் கடைக்காரருக்குச் சுங்கம் கட்ட வேண்டியிருக்கேன்னு நெனச்சேன்."

மாமனாருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் என்ன செய்யலாம் என்று நீயே சொல் என்றார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் எனக்கு ஒரு யோசனை இருந்தது.

நான் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்து விவசாய வீட்டுப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. வரை அரியலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அந்த ஹாஸ்டலில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஆணி அடித்த ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தகர வில்லை. ஊருக்குப் போகிறவள் தன் வில்லையை மேல் ஆணியிலிருந்து கீழ் ஆணிக்கு மாற்றிவிட்டுப் போக வேண்டும். சமையல்காரம்மா யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். பலகையைப் பார்ப்பார், அரிசி அளப்பார். வார்டன் அதே பலகையைப் பார்த்துத்தான் மளிகைக்குச் சீட்டு எழுதுவார். நான் இருந்த அத்தனை வருஷத்தில் அங்கே சோறு மிஞ்சியோ பற்றாமலோ போய் நான் பார்த்ததில்லை.

நமக்கும் அப்படி ஒரு பலகை வைக்கலாம் என்று சொன்னேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை. பாத்திரம் குடோனில் இருக்கும் வரை அட்டை மேல் ஆணியில் தொங்கும். கடைக்குப் போகும்போது அதையே பாத்திரத்தின் காதிலோ கழுத்திலோ நூல் போட்டுக் கட்டி அனுப்பிவிட வேண்டும். விற்றதும் நூலை அறுத்து அட்டையை ஒரு டின்னில் போட வேண்டும். சாயங்காலம் டின் வீட்டுக்கு வரும். அந்த அட்டைகள் கீழ் ஆணிக்குப் போகும். மேலே தொங்குவது குடோனில் இருக்கிறது, கீழே தொங்குவது விற்றுப்போனது, இரண்டிலும் இல்லாதது கடையில் இருக்கிறது. யாரும் யாரையும் கேட்க வேண்டாம். கடைக்குப் புறப்படும்போது ஒரு தரம் பார்த்தால் போதும்.

யாரும் யாரையும் கேட்க வேண்டாம் என்ற இடம் அண்ணனுக்கும் தம்பிக்கும் ரொம்பப் பிடித்துப்போனது.

பலகையை அரும்பாவூர் ஆசாரி ஒருவர் செய்து கொடுத்தார். பாத்திரக் கடைக்காரருக்கு இத்தனை ஆணி எதற்கு என்று கேட்டுக்கொண்டேதான் அடித்தார். சும்மா அனுப்ப மனமில்லாமல் நான்கு மூலையிலும் பூ செதுக்கியிருந்தார். அட்டைக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. பாத்திரக் கடைக்கு வராத கல்யாணப் பத்திரிகை உண்டா? பரணில் சாக்கு சாக்காகக் கிடந்தது. நானும் ஓரகத்தியும் உட்கார்ந்து கத்தரித்தோம். பின்பக்கம் வெள்ளையில் நான் பாத்திரத்தின் பேரை எழுதினேன். முன்பக்கம் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதிப் பேர் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு வாழைமரம் இருக்கும்.

பிறகு குடோனை எண்ணினோம். நாலு நாள் ஆயிற்று. என் கணவர் எடுத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குடமும் தவலையும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் யாரும் எதிர்பார்க்காத சாமான்கள் இருந்தன. மெட்ராஸ் மொத்தக் கடைக்காரர் மாமனாரை நல்ல வார்த்தை சொல்லி ஏற்றிவிட்ட, வெற்றிலை துப்புகிற பித்தளைப் பணிக்கங்கள் ஒரு பெட்டி நிறைய. விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்த காபி டபரா. கடைசியில் அண்டாக்கள். சின்ன அண்டா அல்ல, ஒரு கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டா. பத்தொன்பது. ஒவ்வொரு தடவை மெட்ராஸ் போகும்போதும் ஒன்றாவது எடுத்துக்கொண்டு வராமல் மாமனார் திரும்பியதில்லை. அண்டா இருந்தால்தான் கடைக்குக் களை என்பது அவர் எண்ணம்.

பலகையைக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். முதல் வாரமே கணக்கு உதைத்தது. கடையில் ஆறு தூக்குச் சட்டி விற்றதாக மூத்தவர் சொல்கிறார், டின்னில் இரண்டு அட்டைதான் இருக்கிறது. என் கணவர் டின்னைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். மறுநாள் துணி துவைக்கும் கல்லில் ஓரகத்தி அதைக் கண்டுபிடித்தாள். மூத்தவருடைய சட்டைப் பையிலிருந்து மஞ்சளும் சிவப்புமாக ஒரு கூழ் வந்தது. வியாபார மும்முரத்தில் அட்டையை அறுத்து டின்னில் போடாமல் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளைச் சட்டை கல்யாணப் பத்திரிகை நிறத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓரகத்தி கையை நீட்டுவாள். அவர் பையைத் துழாவிக் கொடுப்பார். கொஞ்ச நாளில், இன்றைக்கு எத்தனை, நேற்றைக்கு எத்தனை என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். நிறைய அட்டை இருந்தால் அன்றைக்கு அவருக்கு ஒரு தோசை கூட விழும்.

கடைக்கும் குடோனுக்கும் இப்படிப் பேச்சு வந்துவிட்டது. மூன்றாவது ஆள்தான் பாக்கி. மெட்ராஸில் எதை எடுப்பது என்பதை மாமனார் எங்கே முடிவு செய்தார் என்றால், மெட்ராஸில்தான். அரியலூர் வரை பஸ், அங்கிருந்து ரயில். எழும்பூரில் இறங்கி மொத்தக் கடைக்குப் போய், அவர்கள் காட்டுவதில் எது கண்ணுக்கு நன்றாக இருக்கிறதோ அது. கீழ் ஆணியில் தொங்குவதைப் பார்த்து எடுங்கள் மாமா என்று சொல்லலாம். ஆனால் பலகை வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தை, மாசியில் எது போகும், தீபாவளிக்கு எது போகும் என்று அது எப்படிச் சொல்லும்? மூத்தவருடைய நோட்டில் ஒவ்வொரு நாளும் மொத்த வசூல் மட்டும் இருந்தது. எந்தப் பாத்திரம் என்று ஒரு வரி இல்லை.

வழி கிடைத்தது பேர் வெட்டுகிறவரிடம். ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் பக்கத்தில் மூன்று நீளக் கம்பிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டுகள் குத்திக் குத்தி ஒரு முழ உயரத்துக்கு நின்றன. என்ன இது என்று கேட்டேன். நான் பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கற்றவன், பேரில் ஒரு கொம்பு மாறினாலும் கல்யாண வீட்டில் மனசு கஷ்டப்படும், அதனால் வாங்கினவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்வேன் என்றார். சீட்டில் பேர் இருந்தது, எந்தப் பாத்திரம் என்று இருந்தது, விசேஷத்துத் தேதி இருந்தது. ஒன்றைக்கூட அவர் தூக்கிப் போடவில்லை.

"மூணு வருஷமும் இருக்கும்மா. யாராச்சும் எழுத்துப் பிழைன்னு வந்து நின்னா காட்டணும்ல."

கம்பிகளை அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு மத்தியானம் நானும் ஓரகத்தியும் கூடத்துத் தரையில் மாதவாரியாகப் பிரித்து வைத்தோம். மின்விசிறியைப் போடாமல் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தோம். தையிலும் மாசியிலும் குடம் குவிந்தது. கரும்புப் பணம் கைக்கு வருகிற காலம். வைகாசியில் தட்டும் டம்ளரும். இதெல்லாம் நாங்களே ஊகித்திருக்கக் கூடியதுதான். ஆனால் ஒரு குவியல் மட்டும் எந்த மாதத்திலும் நிற்காமல் எல்லா மாதத்திலும் வளர்ந்துகொண்டே போயிற்று. மூன்றடுக்கு டிபன் கேரியர்.

எனக்குப் புரியவில்லை. எங்கள் கடையில் கேரியர் என்பது ஒரு மூலையில் நாலைந்து இருக்கும், அவ்வளவுதான். ஓரகத்திதான் கேட்டாள், நாம் விற்காத கேரியருக்கு நம் வாசலில் எப்படிப் பேர் வெட்டுகிறார்கள் என்று. பேர் வெட்டுகிறவரையே கேட்டோம். சர்க்கரை ஆலைக்குப் போகிறவர்களும், அரியலூர்ப் பக்கம் புதிதாக வந்த சிமெண்ட் ஆலைக்குப் போகிறவர்களும் என்றார். ஷிப்டில் நூறு கேரியர் ஒரே மாதிரி வரிசையாக இருக்கும். பேர் இல்லாவிட்டால் ஒருத்தர் சோற்றை இன்னொருத்தர் தின்றுவிடுவார். சம்பளம் வாங்கின வாரத்தில் வருவார்கள். முதலில் எங்கள் கடையில்தான் கேட்பார்கள். மூலையில் இருக்கிற நாலைந்து போனதும் மூத்தவர் இல்லை என்பார். வேறெங்கேயோ வாங்கிக்கொண்டு திரும்ப வந்து பேர் மட்டும் வெட்டிக்கொண்டு போவார்கள்.

அதாவது நாங்கள் விற்காமல் விட்டதன் கணக்கு முழுவதும் எங்கள் கடை வாசலிலேயே, மூன்று கம்பியில் குத்தி நின்றிருக்கிறது.

மாமனாரிடம் சீட்டுகளைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்குத் தெரிந்த பேர்களாக வந்தன. இவன் நம்ம கடையில் கல்யாணச் சீர் எடுத்தவன் ஆயிற்றே, இவன் அப்பாவுக்கு நான் கடன் கொடுத்திருக்கிறேனே என்றார். கேரியரெல்லாம் சில்லறைச் சாமான் என்று நினைத்துவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். நான் இன்னொன்றும் கேட்டேன். பலகையின் வலது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். இந்த மாதம் சரக்குக்கு எவ்வளவு போடலாம், அடுத்த மாதம் மெட்ராஸுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று அங்கே சாக்பீசால் எழுதிவிட்டால், கடை எதை வேகமாகத் தள்ள வேண்டும், குடோன் எதை வெளியே விட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும் என்றேன்.

மாமனார் எழுந்து போய்விட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று அத்தை, அதாவது என் மாமியார், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இருபத்தைந்து வருஷமாகத் தனக்கே தெரியாதாம். நாலு நாள் அந்தக் கறுப்புப் பட்டை காலியாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், கறுப்புப் பட்டையில் இரண்டு வரி. மாமனாருடைய சாய்ந்த கையெழுத்து. அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்து மூத்தவரும் என் கணவரும் நின்ற நிற்பை மறக்க முடியாது. அப்பா லட்சக்கணக்கில் பதுக்கி வைத்திருக்கிறார் என்று மூத்தவர் நினைத்திருந்தார். அப்பா கழுத்து வரை கடனில் இருக்கிறார் என்று என் கணவர் பயந்துகொண்டிருந்தார். உண்மை நடுவில் எங்கேயோ இருந்தது. ஒருவருக்கு ஏமாற்றம், ஒருவருக்கு நிம்மதி. ஆனால் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல்முதலாக, இதை வைத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து நின்று பேசினார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் கௌரவப் பிரச்சினை அவர்களுக்கே மறந்துபோயிற்று.

அடுத்த மெட்ராஸ் பயணத்துக்கு நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். கேரியர் பன்னிரண்டு டஜன், கூடவே கொஞ்சம் குடம். அண்டா என்ற பேச்சே அதில் இல்லை. மொத்தக் கடைக்காரர் என்ன முதலாளி அண்டா வேண்டாமா என்று மூன்று தரம் கேட்டாராம். வீட்டில் மருமகள் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு வந்ததாக மாமனார் பெருமையாகச் சொன்னார். ஊர் வந்து சேரும்வரை அவருக்குக் கை பரபரத்துக்கொண்டே இருந்ததாம்.

சம்பள வாரத்தில் கடையில் ஐந்து டஜன் போயிற்று. மீதியில் நாலு டஜனை எடுத்துக்கொண்டு நாமே அரியலூர் போனால் என்ன என்று என் கணவர் கேட்டார். அவர் தானாக ஒன்றைக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் நானும் அவரும் பேர் வெட்டுகிறவரும் நாலு சாக்கு மூட்டையோடு அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் லக்கேஜுக்கு டிக்கெட் போட வேண்டும் என்றார், சாக்கில் என்ன என்றார். என் கணவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். கண்டக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார், கொக்கியைப் போட்டுப் பார்த்தார், அடுக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். என்ன விலை என்றார். கடை விலைக்கே கொடுத்தோம். அதைப் பார்த்து முன் சீட்டில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். அவர் சிமெண்ட் ஆலைக்காரர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவருடைய மச்சான்.

பிறகு நடந்ததை என்ன சொல்வது, பஸ்ஸே கடையாகிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் காசை முன்னால் கொடுத்து அனுப்புகிறார்கள், கேரியர் ஆள் மாற்றி ஆள் கையாகப் பின்னால் போகிறது. மூங்கில் கூடையோடு ஏறின ஓர் அம்மா, தன் மகன் பட்டாளத்தில் இருக்கிறான், அவனுக்கு இது உதவுமா என்று கேட்டு, உதவாது என்று நான் சொன்ன பிறகும் வாங்கிக்கொண்டார். நான் அட்டைகளை அறுத்து அறுத்து முந்தானையில் முடிந்துகொண்டே வந்தேன். ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று எனக்கு அதே கவலை. பஸ்ஸிலேயே பேர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். பேர் வெட்டுகிறவர் முடியாது என்றார். இந்த ரோட்டில் வெட்டினால் உங்கள் பேர் உங்களுக்கே தெரியாது என்றார்.

அரியலூரில் இறங்கும்போது எங்களிடம் ஏழு கேரியர் இருந்தது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பேர் வெட்டுகிறவர் சாக்கை விரித்து உட்கார்ந்தார். பஸ்ஸில் வாங்கினவர்கள் போகாமல் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையைப் பார்த்து எதற்கு என்று தெரியாமலே வேறு ஆட்களும் வந்து நின்றார்கள். ஏழும் போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஒவ்வொருவரிடமும் அடுத்த சனிக்கிழமை வருகிறோம் என்று சொன்னார். குடோனுக்குள் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷர் அன்றைக்குக் குரல் கம்மும் வரை பேசினார். திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் கடையிலேயே இருந்திருக்கலாம் போலிருக்கிறது என்றார். யார் வேண்டாம் என்றது என்றேன். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் அவர் கடையிலும், மூத்தவர் குடோனிலும் இருப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

பத்தொன்பது அண்டா மட்டும் மேல் ஆணியை விட்டு அசையவில்லை. அந்தப் பலகையில் ஒன்று அசையாவிட்டால் அது தினமும் எல்லார் கண்ணையும் உறுத்தும். ஒவ்வொரு காலையும் மாமனார் அந்த ஆணியைப் பார்க்காமல் நடந்து போகப் பழகிக்கொண்டார். ஒருநாள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர், செருப்பைக் கழற்றாமலே என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கல்யாணத்துல சோறு வடிக்க அண்டா பத்தலம்மா. மூணு ஊர்ல கேட்டு அலையுறாங்க. நம்ம எதுக்கு விக்கணும்? வாடகைக்கு வுடுவோம்."

எனக்குத் தோன்றவேயில்லை. யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குத்தான் தோன்றியது. ஆனால் வாடகைக்குப் போன அண்டாவுக்குப் பலகையில் இடம் இல்லை. அது விற்றதும் இல்லை, குடோனில் இருப்பதும் இல்லை. மாமனார் அரும்பாவூருக்குத் தானே போய் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து, நடுவில் ஒரு வரிசை ஆணி அடிக்கச் சொன்னார். தன் பேரில் ஒரு வரிசை வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த வைகாசியில் ஒரு நாள் பத்தொன்பது அட்டையும் நடு ஆணியில் தொங்கின. அண்டா நசுங்காமல் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவரே போனார். அத்தனை பந்தியிலும் சாப்பிட்டார். டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்னபோது, வியாபாரத்தை எப்படி விடுவது என்று கேட்டார்.

அப்படியே ஒன்றிரண்டு வருஷம் போயிற்று. சரக்கு வருவதும் போவதும் ஓட்டமாக ஆனது. குடோனில் பொருள் தங்கவில்லை. மெட்ராஸுக்குக் கட்ட வேண்டியதை நாள் தவறாமல் கட்டினோம். கறுப்புப் பட்டையில் மாமனார் எழுதுவது போக, கீழே ஓரகத்தி தீபாவளிக்கு யார் யாருக்கு என்ன துணி என்று எழுத ஆரம்பித்தாள். யாரும் அழிக்கவில்லை.

ஒரு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், என் கணவர் குடோனிலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வீட்டில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது. என்னவோ ஏதோ என்று ஈரக் கையோடு ஓடினேன். ஓரகத்தியும் பின்னால் வந்தாள். ஆலைப் போனஸ் வியாபாரத்தில், அண்டாக்களைத் தவிரக் குடோன் கிட்டத்தட்டக் காலியாகியிருந்தது. பின்சுவர் ஓரம் அடுக்கியிருந்த கடைசிக் கள்ளிப்பெட்டியையும் அவர் அப்போதுதான் நகர்த்தியிருக்கிறார். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது.

பன்னிரண்டு வருஷமாக அந்தக் குடோனில் பகலிலும் பல்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். அப்படி ஒரு ஜன்னல் இருப்பதே அவருக்குத் தெரியாது. மூன்று பேரும் கை போட்டுத் தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. வெயில் தரை நீளத்துக்கு வந்து விழுந்தது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கொல்லை. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா, சுவரிலிருந்து திடீரென்று மூன்று தலை எட்டிப் பார்ப்பதைக் கண்டு, நனைந்த புடவையைக் கீழே போட்டுவிட்டார். பிறகு எங்களை அடையாளம் கண்டுகொண்டு, இத்தனை நாளாக எங்கேயிருந்தீர்கள் என்று கேட்டார்.

கடையைப் பூட்டிவிட்டு மூத்தவரும் வந்து பார்த்தார். மாமனாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கட்டியது நான்தான், ஜன்னல் வைத்ததை மறந்தே போய்விட்டேன் என்றார் அவர். அத்தை அங்கேயே எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தார். காலிக் குடோனில் பேசினால் குரல் எதிரொலித்தது. அதற்காகவே ஓரகத்தி சத்தமாகப் பேசினாள். என் கணவர் ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார், அன்றைய பேப்பரை எடுத்து விரித்தார். பல்பை அணைத்துவிடு என்றார். போய் அணைத்தேன்.